அலைக்குளத்தில் அக்கா

இங்கே காஸல் நகரத்தில், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், எல்லோரும் என்னை ‘ஷ்வெஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு உடன்பிறந்தவள் என்று பொருள்; பழைய ஆட்களுக்கு நர்ஸும் ஷ்வெஸ்டர்தான். வந்த புதிதில் ஒவ்வொரு அழைப்புக்கும் உடம்பு ஒரு கணம் கூசும், இவர்களுக்கு நான் எப்படி உறவு என்று. ஊரிலிருந்து திரும்பிய மறுநாள், ஜன்னலோரக் கட்டில் பாட்டியம்மா விடுமுறை எப்படி என்று கேட்டாள். “என் ஷ்வெஸ்டர் கையை உடைத்துக்கொண்டாள்” என்றேன். உடன் வேலை செய்யும் நர்ஸைச் சொல்வதாக நினைத்து, “ஐயோ பாவம், அவள் வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்?” என்று விசாரித்தாள். திருத்தலாம் என்று வாயெடுத்து, விட்டுவிட்டேன். அவள் கேட்டது சரிதான். ஊரில், இரணியலில், அண்ணன் வீட்டு அடுப்படியை அக்காதான் பார்த்துவந்தாள்.

நாங்கள் மூன்று பேர். புஷ்பம் அக்கா மூத்தவள், நான் கடைசி, நடுவில் அண்ணன். தக்கலையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். அத்தான் இறந்தபிறகு அக்கா அவன் வீட்டோடு வந்துவிட்டாள். சின்ன வயதில் எங்கள் தெருவில் அவளைப்போல் நீந்த ஆள் கிடையாது. என்னைக் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் குளத்தின் அக்கரைக்குக் கொண்டுபோவாள். நான் பயத்தில் கத்துவேன். அவள் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அத்தான் போன வருஷம், குளத்தங்கரையில் யாரோ, “புருசன் போன துக்கம் தெரியல்லியே, எப்படி நீந்துகா பாரு” என்றார்களாம். அன்றோடு அக்கா குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதற்குப்பிறகு எல்லாம் குளியலறையில் வாளித் தண்ணீர்தான்.

இந்த முறை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போகவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அண்ணன், அவன் மனைவி மைனி, பிள்ளைகள், அக்கா எல்லோருமாக வேன் பிடித்துக் கன்னியாகுமரிப் பக்கம் இருக்கும் தீம் பார்க்குக்குப் போனோம். காலை முழுக்க அக்கா பைகளுக்குக் காவல் இருந்தாள். சோறு தின்று முடித்ததும் என் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

“ஏட்டி, நானும் வெள்ளத்துல எறங்கட்டா?”

சேலையோடு இறங்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. நைலான் உடுப்பை அங்கேயே வாடகைக்குக் கொடுத்தார்கள். “தாராளமா எறங்கு, அங்கல்லாம் ஒன்னயவிட வயசானவங்க நீந்துகாவ” என்று ஜெர்மனிக்காரியாகப் பெருந்தன்மை பேசி, அவளைக் கூட்டிப்போனேன். ஊதாநிறக் கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது என் கண்கள் தாமாகத் தரைக்குப் போய்விட்டன. முழங்காலுக்குக் கீழே வெயிலே படாமல் வெளிறிய கால்கள். தினமும் எத்தனை வயசாளிகளைக் குளிப்பாட்டி உடைமாற்றிவிடுகிறவள் நான். என் அக்காவின் கால்களை என்னால் பார்க்க முடியவில்லை.

நன்றாக இருக்கிறதா என்பதுபோலச் சட்டையை இழுத்துவிட்டு, “கொள்ளாமா?” என்று கேட்டாள்.

“கொள்ளாம்” என்றேன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வேவ் பூல் என்கிற அலைக்குளத்தில் சங்கு ஊதியதும் அலை கிளம்பியது. அக்கா முதலில் முழங்கால் ஆழத்தில் நின்றாள். இரண்டாவது அலையில் உட்கார்ந்தாள். அப்புறம் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. மல்லாந்து மிதந்தாள், அலைக்குள் தலையை விட்டு அந்தப்பக்கம் எழுந்தாள், முன்பின் தெரியாத சிறுமிகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூவினாள். கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் ஒட்டியிருந்தது. நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவர் அண்ணனைப் பார்த்துவிட்டார். “அண்ணாச்சி, அங்கன கெடந்து கும்மாளம் போடது நம்ம புஷ்பக்காலா?” என்று உரக்கச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப்போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

“கரைக்கு வாக்கா. எல்லாரும் பாக்காவ.”

அக்கா அவன் விளையாடுகிறான் என்று நினைத்து அவன் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தாள். கூட்டம் இன்னும் சிரித்தது.

“மானம் போவுது, வான்னா வா!”

அவன் இழுத்தான். கரையேறும் சரிவில் அவள் கால் வழுக்கியது. அவன் பிடி நழுவியதும் கையை ஊன்றியபடி விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் சிரிப்பெல்லாம் நின்றது. அவன் இறங்கியதிலிருந்து அவள் விழும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன். “விடு” என்ற ஒரு சொல் போதும். எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஓடினேன். அவள் மணிக்கட்டு வளைந்து நின்ற விதத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன்; எலும்பு முறிவு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும், பக்கத்தில் போய் முட்டுக்குத்தியதும், என் தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் அவள் கால்களை மூடினேன். அதற்குப்பிறகுதான் கையைத் தொட்டேன்.

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் சுவரைப் பார்த்து நின்று அழுதான். “நான் தள்ளல்லியே மக்கா, கரைக்குத்தான கூப்பிட்டேன்” என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் தலையாட்டினேன். மாவுக்கட்டுப் போட்டு முடிந்ததும் உள்ளே போனேன். அக்கா கட்டிலில் சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

“அவன விடு, அவனுக்குக் கடை இருக்கு, நாலு பேரு மொகத்துல முழிக்கணும்” என்றாள். மாவுக்கட்டுக் கையை மார்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “நீ நர்ஸுலா ஏட்டி? நான் கை ஒடிஞ்சு கெடக்கேன். நீ வந்து எனக்க கால மூடுகியே” என்றாள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரிடம் அண்ணன், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். மைனி ஆமாம் என்றாள். நானும் ஆமாம் என்றேன். அக்கா ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டாள். செல்போனில் இருந்த படத்தை, யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று பயந்து நானே அழித்தேன்.

போன வாரம் அண்ணன் பேசினான். கட்டுப் பிரித்தாயிற்று, கை முழுசாக மடங்கவில்லை, அடுப்படியில் மெல்ல வேலை செய்கிறாள், இனி எங்கும் அலைய வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள் என்றான். சரி என்று வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மழை. டிராம் நிறுத்தத்தில் ஒரு சின்னப்பெண், பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள். தாய்க்காரி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். “லாஸ் ஸீ!” என்று ஒரு குரல் கேட்டது. அவளை விடு. கத்தியது நான்தான், முன்பின் தெரியாதவளை ‘நீ’ என்று ஒருமையில். தாய்க்காரி திகைத்துப்போய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நமக்குள் முன்பே பழக்கமா?” என்று மரியாதையாகவும் கடுமையாகவும் கேட்டாள். “இல்லை, மன்னியுங்கள்” என்றேன். டிராம் வந்தது. அவர்கள் ஏறினார்கள். அவர்களோடு ஒரே பெட்டியில் ஏற எனக்குக் கால் வரவில்லை.

வண்டி போனபின் நிறுத்தத்தில் நான் மட்டும் இருந்தேன். “விடுண்ணே. அவள விடு” என்று நம்மூர்ப் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். நனைந்த தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் குடைபிடித்து நின்ற ஒரு கிழவர், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் போலும் என்று கையுயர்த்தி, புரியவில்லை என்று தலையசைத்தார்.