ஏற்றி வைத்த ஹேண்டில்

கல்யாணமாகிப் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுக்கு வந்த புதிதில், வீட்டுக்காரர் ஏரியில் பிடித்த நண்டைக் காட்டூருக்குக் கொண்டுபோய் விற்பது என் வேலை. வீட்டில் இருந்தது ஒரே லேடீஸ் சைக்கிள். அதன் ஹேண்டிலை அவர் அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார். குனிந்து ஓட்டினால்தான் எதிர்க்காற்று மூஞ்சியில் அடிக்காது என்பது அவர் கட்சி. எனக்கோ வழியில் இருக்கும் பழைய ஒல்லாந்தர் கல்லறையைத் தாண்டுவதற்குள் உள்ளங்கை மரத்துவிடும். வளைவில் ஒடித்தால் ஹேண்டில் முட்டியில் இடிக்கும்.

ஒருநாள் காட்டூர் வளைவில் எதிரே ஒரு மாடு வந்தது. ஒடித்தேன். ஹேண்டில் முட்டியில் சிக்கியது. நானும் சைக்கிளும் கூடையும் வயல் சேற்றில் கிடந்தோம். அவசரத்தில் கட்டிய நண்டுகள் கட்டு அவிழ்ந்து நாற்றுக்குள் நடையைக் கட்டின.

களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஓடி வந்தார். என்னைத் தூக்குவார் என்று பார்த்தால், நண்டைத் தூக்கினார்.

"நீ எங்க போய்டப் போற? நண்டுதான் போய்டும்!"

சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். நண்டுகளைப் பிடித்துக் கட்டிய பிறகு பம்புசெட்டில் கழுவிக்கொண்டே ஹேண்டில் கதையைச் சொன்னேன்.

"ஏத்திட்டா போச்சு. இதுக்கா அழுவுற?" என்று அவர் மோட்டார் கொட்டாயிலிருந்து போல்ட் திருகும் பானாவும் சுத்தியலும் எடுத்து வந்தார்.

இரண்டு பேருமே முன்பின் செய்ததில்லை. ஹேண்டில் தண்டின் தலையில் இருந்த போல்ட்டைத் தளர்த்தினோம். உப்புக்காற்றில் துருவேறிய தண்டு அசையவில்லை. கோபத்தில் அக்கா போல்ட் தலையில் ஒரு போடு போட்டார். டொக்கென்று உள்ளே இறங்கியது, ஹேண்டில் விட்டுக்கொடுத்தது. அவர் முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள, நான் நாலு விரல்கடை மேலே தூக்கி, நேராக வைத்து முறுக்கினேன்.

ஏறி மிதித்தால் சக்கரம் சுற்றவே இல்லை.

"பேய் கீய் புடிச்சிகிச்சா இன்னா?" என்றார் அக்கா.

குனிந்து பார்த்தோம். ஹேண்டில் மேலே போனபோது பிரேக் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ரப்பர் கட்டைகள் ரிம்மைக் கவ்விக்கொண்டிருந்தன. நட்டைத் தளர்த்திக் கம்பிகளை இறக்கினோம். சக்கரம் சுற்றியது; பிரேக்கும் பிடித்தது.

ஏறி ஓட்டினேன். முதுகு நிமிர்ந்திருந்தது, முழங்கை லேசாக மடங்கியிருந்தது, முட்டி எதிலும் இடிக்கவில்லை. வரப்பில் நின்று அக்கா கை தட்டினார். திரும்பி வந்து அவர் குழம்புக்கு நண்டு கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் சைக்கிளைப் பார்த்துக் குதித்தார். "இன்னாடி இது, எருமக் கொம்பாட்டம் தூக்கி வெச்சிகிற? ஊரே சிரிக்கும்!"

"வோணாம்னா எறக்கிக்கோ."

முனகிக்கொண்டே அதில் ஏறி, வலை நூல் வாங்கப் பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"இன்னா, எறக்கலியா?"

"வல இழுத்து இழுத்து இடுப்பு உட்டுப்போச்சுடி," என்றார், தட்டைப் பார்த்தபடியே. "இப்ப குந்திகினு போனா வலியே தெரியல. அப்டியே கெடக்கட்டும்."

நான் சிரித்தேன். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்துவிட்டார்.