எழுபத்தெட்டு கிலோ ஸ்பிரிங்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. இருட்டில் இல்லை, மழையில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது.

யாருக்கு நடந்தது என்பதும் முக்கியம். எங்கள் பைப் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறவன் அவன். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பைப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவான். பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டேப் இருக்கும். நாங்கள் அவனை 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவோம். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஸ்கேல் அளந்துவிட்டுச் சொன்னான். அதனால் நம்பினேன்.

ஸ்கேலுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவன் மனைவிக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கணவர் காய்ச்சல் என்று படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. எல்லாம் தெரிந்துதான் ஸ்கேல் கட்டிக்கொண்டான். பெரிய மனசுடா உனக்கு என்று நாங்களும் முதுகில் தட்டினோம். ஆனால் அந்தப் பெரிய மனசின் ஒரு மூலையில் பொறாமை பாய் விரித்துப் படுத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவன் மேல் பொறாமை என்றால் போய்ச் சண்டையாவது போடலாம். செத்தவனை என்ன செய்வது?

கல்யாணமான வாரமே கட்டளை போட்டான். "அந்த ஆளைப் பத்தி இந்த வீட்ல பேச்சே வரக் கூடாது." அவள் சரி என்றாள். அதன்பிறகு பேரைக்கூடச் சொன்னதில்லை. போட்டோக்களை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அந்த ஆளின் முகம் எப்படி இருக்கும் என்றே ஸ்கேலுக்குத் தெரியாது.

மிஞ்சியது ஒரு மோட்டார் சைக்கிள். இருபது வருஷத்துக்கு மேலான பழைய வண்டி. அவளுடைய சாமான்களோடு லாரியில் வந்து இறங்கியது. அதை விற்கலாம் என்றால் மட்டும் அவள் பிடிகொடுக்க மாட்டாள். "நல்லாத்தானே ஓடுது" என்பாள். சரி, விற்க வேண்டாம் என்று ஸ்கேல் ஒவ்வொரு பாகமாக மாற்ற ஆரம்பித்தான். ஹேண்டில்பார், கண்ணாடிகள், சீட், செயின். அந்த ஆளின் உடம்பு பட்ட எதுவும் இருக்கக் கூடாது. கடைசியில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும்தான் பாக்கி. அவையும் எண்ணெய் கசிந்து, ஒவ்வொரு குழிக்கும் முதுகைப் பதம் பார்க்கத் தொடங்கியிருந்தன. ஸ்கேலுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஞாயிறு காலை 10:40. மெக்கானிக் கடை. அவளும் கூட வந்திருந்தாள்.

மெக்கானிக் மூன்று ஜோடி எடுத்து வைத்தார். ஸ்கேல் டேப்பை நீட்டினான். பழையது, மேல் ஓட்டையிலிருந்து கீழ் ஓட்டை வரைக்கும் 335 மில்லி. முதல் ஜோடி 320. அதைப் போட்டால் பின்பக்கம் தாழ்ந்து, சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி மறுபக்கம் கவிழும். இரண்டாவது ஜோடி பளபளவென்று ஆளை மயக்கியது. ஆனால் பக்கத்தில் ஒட்டியிருந்த, கேஸ் அடைத்த சின்ன டப்பா சைலன்சரில் இடித்தது. மூன்றாவது கச்சிதம்.

"இதுல மூணு விதமா ஸ்பிரிங் வருது. ஓட்டுறவர் எடைக்குத் தகுந்த மாதிரி எடுக்கணும்" என்றார் மெக்கானிக். உள்ளே போய் ஒரு பழைய நோட்டைத் தட்டி எடுத்து வந்தார். "எங்கப்பா எழுதி வச்சது. இந்த வண்டி நம்பர் இருக்கு பாருங்க. ஓட்டுறவர் எடை எழுபத்தெட்டு. நல்ல வாட்டசாட்டமான ஆளா இருந்திருப்பாரு. உங்க எடை எவ்வளவு சார்?"

ஸ்கேலின் எடை ஐம்பத்தொன்பது. அதுவும் சாப்பிட்டுவிட்டு நின்றால்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். ஸ்கேலுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எனக்கும் எழுபத்தெட்டுதான்" என்றான்.

மெக்கானிக் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா தெரியலையே?"

"எலும்பு கனம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்கேல் ஓர் அளவைத் தப்பாகச் சொன்னான்.

11:35. புது ஷாக் ஏறிவிட்டது. மெக்கானிக் பின் சக்கர நட்டிலிருந்து மட்கார்டுக்கு நேராக அளந்து, அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார். காலி வண்டிக்கு 400 மில்லி. "எழுபத்தெட்டு கிலோ உட்கார்ந்தா 370க்கு இறங்கணும். ஏறுங்க." ஸ்கேல் ஏறினான். 377. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். ஸ்கேல் அவர் கண்ணைப் பார்க்காமல், "புதுசுதானே... போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மாலை 5:20. அன்று அவள் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அவள் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வெளியே ஷெட்டில் காத்திருந்தான். கை சும்மா இருக்குமா? டேப்பை எடுத்தான்.

வண்டி காலியாக நின்றது. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் கட்டை வைத்து நேராக நிறுத்தியிருந்தான். நட்டிலிருந்து கோடு வரை அளந்தான்.

370.

தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று மறுபடி அளந்தான். 370. மூன்றாவது முறையும் 370.

யாரும் உட்காராத வண்டி... எழுபத்தெட்டு கிலோவுக்கு இறங்கி நின்றது.

எண்ணெய் கசிகிறதா என்று குனிந்து பார்த்தான். இல்லை. ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா? இல்லை. சீட்டின் மேல் கை வைத்து அமுக்கினான். கையைச் சட்டென்று எடுத்தான்.

சீட் சூடாக இருந்தது. மனுஷன் உட்கார்ந்து எழுந்தால் இருக்குமே, அந்தச் சூடு. வண்டி மதியத்திலிருந்து நிழலில்தான் நிற்கிறது.

அப்போது வாசலில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்...

ஸ்பிரிங் மெதுவாக மேலே எழும்பியது. யாரோ மரியாதையாக எழுந்து நிற்பது போல. டேப் அவன் கையில்தான் இருந்தது. 380... 390... 400.

மணி 5:26.

"கிளம்பலாமா?" என்றாள் அவள்.

அவளிடம் என்னவென்று சொல்வது? எடையைப் பொய் சொன்னேன் என்றா? டேப்பைப் பையில் போட்டுவிட்டு ஏறினான். அவளும் ஏறினாள். வண்டி இறங்கியது. பிறகு... இன்னொரு முறை இறங்கியது.

தெருமுனை வரைக்கும் ஒன்றும் இல்லை. பெரிய சாலையில் திரும்பியதும் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷத்தில் ஸ்கேல் அவள் பாடிக் கேட்டதில்லை. பயத்தையும் மீறி அவனுக்குப் பொறாமைதான் முதலில் வந்தது. என்னோடு வரும்போது ஒருநாளாவது பாடினாளா?

"இப்பத்தான் வண்டி பழைய மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் குரல் தூரத்திலிருந்து கேட்டது. முதுகில் அவள் சாய்ந்த உணர்வே இல்லை. நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

"ஏன் இவ்வளவு தள்ளி உக்காந்திருக்க?"

"தள்ளியா? இடுப்பைக் கட்டிக்கிட்டுதானே உக்காந்திருக்கேன்."

அவன் இடுப்பில் கை எதுவும் இல்லை.

கண்ணாடியைத் திருப்பினான். அவள் முகம் தெரிந்தது. கண்களை மூடியிருந்தாள். கன்னத்தை எதன் மேலோ சாய்த்திருந்தாள். அவன் முதுகுக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவில் ஒன்றரை அடி வெறும் காற்று.

அப்போதுதான் அதை உணர்ந்தான்.

இடது தொடையை ஒட்டி ஒரு முழங்கால். வலது தொடையை ஒட்டி ஒரு முழங்கால். இரண்டும் அவனை இறுக்கிப் பிடித்திருந்தன.

அவள் கால்கள் என்று நினைத்துக்கொண்டான்.

குனிந்து பார்த்தான்.

அவள் புடவையில் இருந்தாள்... இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வீட்டில் அவளை இறக்கிவிட்டதும் ஸ்கேல் தெருவோரம் வாந்தி எடுத்தான். அவள் ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். "வெயில்ல அலைஞ்சது ஒத்துக்கல" என்றாள் அன்பாக. அன்றைக்கு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். பஸ் முழுக்க அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாடவில்லை.

ஆறு நாள் ஸ்கேல் தூங்கவில்லை. பேய் பயம் பாதி, புகைச்சல் பாதி. செத்தும் விட மாட்டேன் என்கிறானே, அவள் பக்கத்தில் எனக்கு இடமே இல்லையா என்று என்னிடம் குமுறினான். சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தான். வண்டியை அக்கா வீட்டிலிருந்து எடுத்து, முதல் கணவரின் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. அவர்கள் பொருள் அவர்களுக்கே. மனைவியிடம் சொன்னான். அவள் தடுக்கவில்லை. "அங்க எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மாலை 4:15. அந்த அண்ணன் வாசலில் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் குழாய் கையிலிருந்து நழுவியது.

"உள்ள கொண்டு வராதீங்க தம்பி."

"உங்க தம்பி வண்டி சார் இது. உங்ககிட்டயே இருக்கட்டும். அவர் இன்னும் இதுலயேதான்..." எல்லாவற்றையும் கொட்டினான். நோட்டு, எழுபத்தெட்டு கிலோ, 370, முழங்கால்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்து வந்து நீட்டினார். சட்டைக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டும் போல ஒருவர் நின்றிருந்தார். ஸ்கேலைவிட ஒல்லி.

"இதான் என் தம்பி. அம்பத்தஞ்சு கிலோவைத் தாண்டினதே இல்ல."

ஸ்கேல் போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தான்.

"கடைசி மாசமெல்லாம் இந்த வண்டியையே சுத்திச் சுத்தி வந்தான். 'அவ ஏண்ணே இவ்வளவு தள்ளி உக்கார்றா'ன்னு என்கிட்ட வந்து அழுவான். அதுக்கு அப்புறம்தான் படுத்தான்."

"அப்ப... இது அவர் வண்டி இல்லையா?"

"இல்லையே. கல்யாணத்துக்கு முன்னாடியே அவகிட்ட இருந்துச்சு."

"யாரோடது?"

"என் தம்பியும் கடைசி நாள் வரைக்கும் அதைத்தான் கேட்டான். அவ வாயே திறக்கல."

ஸ்கேல் வண்டியோடுதான் திரும்பி வந்தான். வழியில் எங்காவது தள்ளிவிட்டு ஓடியிருக்கலாமேடா என்று நான் திட்டினேன். "அவளையும் விட்டுட்டு ஓடணும்டா. முடியல" என்றான். முன்பாவது, எதிரி யார் என்று ஒரு நிச்சயம் இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் பொறாமை மட்டும் மிச்சம் இருந்தது.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வாரமாக அவன் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல். நேற்று பகல் 11:10க்கு அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் துணி போட்டது போலக் கிடந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஷெட் காலியாக இருந்தது.

"தங்கச்சி எங்கடா?" என்றேன்.

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கா."

"வண்டியிலயா?"

"ம்."

"ஓட்ட எப்போடா கத்துக்கிச்சு?"

ஸ்கேல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"அவளுக்கு ஓட்டத் தெரியாது" என்றான்.