அப்பாவின் இடது காது

என் அப்பா சிங்கப்பூர் ராணுவத்தில், பீரங்கிப் பிரிவில், இருபத்தாறு வருடம் இருந்தார். ஓய்வு பெற்று வந்தபோது இடது காது ஏறக்குறையக் கேட்கவே இல்லை. வலது காதில் பாதிதான் மிச்சம். சுடும்போது காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்களாம். கட்டளை சரியாக விழ வேண்டுமென்று அப்பா ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்துவிடுவாராம்.

"ஆர்டர் தப்பாக் கேட்டா குண்டு எங்கயோ போய் விழும்மா. நாந்தான் எடுத்தேன், யாரும் எடுக்கச் சொல்லல" என்பார்.

அதனால் பிடோக்கில் இருந்த எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். முதல் தடவை வருகிறவர்கள் சண்டை நடக்கிறதென்று நினைத்துக்கொள்வார்கள். நான் தொடக்கநிலை ஆறு படித்த வருடம், என் கணக்குப் புத்தகத்தை அப்பா முகாமுக்கு எடுத்துப்போவார். வாரம் முழுக்க உட்கார்ந்து தானே போட்டுப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் வந்து எனக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர் படித்ததே எட்டாவது வரைதான். ஒரு கணக்கு வரவில்லை என்றால் சீருடையைக்கூடக் கழற்றாமல் அதிலேயே உட்கார்ந்திருப்பார். நான் பாலிடெக்னிக்கில் இருக்கும்போது அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு அப்பாவுக்கு நான்தான், எனக்கு அவர்தான்.

கல்யாணமாகி நான் செங்காங்கிற்குப் போனேன். மகள் பிறந்தாள். அவளுக்கு ஐந்து வயதாகும்போது, அப்பா தினமும் பிடோக்கிலிருந்து பஸ் ஏறி வந்து, பாலர் பள்ளியிலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்து வருவார். மழையோ வெயிலோ, பள்ளி விடுவதற்கு அரைமணி நேரம் முன்பே வாசலில் நின்றிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சிராங்கூன் சாலைக்குப் போயிருந்தோம். காய்கறிக் கடையில் ஒரு சீனர், ஐம்பது வயதிருக்கும், "என்சிக்! என்சிக்!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். முகாமில் வாரண்ட் ஆபீசர்களை அப்படித்தான் அழைப்பார்கள். அப்பா முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் சுற்றி வந்து எதிரே விறைப்பாக நின்றபிறகுதான் கவனித்தார். இரண்டு பேரும் மலாயில் பேசிச் சிரித்தார்கள்.

"ரொம்ப நேரமாக் கூப்பிட்டானா?" என்று அப்பா பிறகு என்னிடம் கேட்டார்.

"காதுக்கு மெஷின் வெச்சுக்கோங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"அதெல்லாம் கெழவனுங்களுக்கு லா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அது நடந்து சில வாரங்களில், பள்ளியிலிருந்து வரும் நடைபாதையில், பின்னால் வந்த மின்சைக்கிள் என் மகள்மீது மோதியது. ஓட்டியவன் விடாமல் மணி அடித்திருக்கிறான். அப்பா எப்போதும் அவளை வலது பக்கம்தான் நடக்க வைப்பார். அன்று எப்படியோ அவள் இடது பக்கம் இருந்தாள். அவளுக்கு முழங்கை எலும்பு முறிந்தது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார்.

நான் அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கட்டுப்போட்டு முடித்திருந்தார்கள். என் கணவர் இருந்தார், தாதி இருந்தார். எதையும் பார்க்காமல் நான் பேசினேன். வழக்கம்போலக் கத்தித்தான் பேசினேன்.

"உங்களுக்குக் காது கேக்காதுப்பா! மெஷினும் வெக்க மாட்டீங்க. இனிமே எப்படி உங்கள நம்பிப் பிள்ளைய விடறது?"

அப்பா சுவரோரமாக, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வாக்கியம் மட்டும் அவருக்கு முழுதாகக் கேட்டுவிட்டது.

"சரிம்மா" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நானும் வரச் சொல்லவில்லை. தாத்தா எங்கே என்று மகள் கேட்டபோது, அவருக்குக் கால் வலி என்று சொன்னேன். அடுத்த ஆண்டு அவள் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தாள். பள்ளி முடிந்ததும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இருக்க ஏற்பாடு செய்தோம்.

அந்தத் தீபாவளிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். இரண்டு காதிலும் கருவி இருந்தது. நான் பார்த்துவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து அவராகவே சொன்னார்.

"இப்ப நல்லாக் கேக்குதும்மா. டெஸ்ட்லாம் பண்ணிட்டாங்க. பின்னால சைக்கிள் வந்தாக்கூடத் தெரியுது."

"நல்லதுப்பா."

"ஸ்கூல் விட்டா நான் வேணா போய்…"

"ஸ்டூடண்ட் கேர்ல போட்டாச்சேப்பா. பாக்கலாம்."

"ஆமா, ஆமா. பாக்கலாம்" என்றார்.

தை பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். காலையில் உணவங்காடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாராம். மண்டாய் தகனச் சாலைக்கு, அவரோடு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஒருவர் காதருகே இன்னொருவர் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டைக் காலி செய்யப் போன நாளில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வந்தார். அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தது தான்தான் என்றார். எனக்குப் புரியவில்லை. கருவி வாங்கிய புதிதில், தினமும் சாயங்காலம் அப்பா தாழ்வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பாராம். இந்த அம்மா பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மணியடிக்க வேண்டும். இடது பக்கம் கேட்டால் இடது கையை, வலது பக்கம் கேட்டால் வலது கையைத் தூக்குவார். முதல் வாரம் நிறையத் தப்பாம். இரண்டு மாதம் விடாமல் செய்திருக்கிறார்.

"பேத்தியக் கூட்டிட்டு வரணும்னு சொல்லிட்டே இருப்பார்" என்றார் அந்த அம்மா, மலாயும் ஆங்கிலமும் கலந்து.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் அவளிடம் உண்மையைச் சொன்னேன். தாத்தாவுக்குக் கால் வலி இல்லை, நான்தான் அவரை வரவிடவில்லை என்றேன். அவள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சைக்கிள் மோதின அன்னிக்கு தாத்தா கைய நான்தாம்மா உதறிட்டு அந்தப் பக்கம் ஓடினேன். அங்க ஒரு பூன இருந்துச்சு. ஐ தாட் தாத்தாவுக்கு என் மேல கோவம், அதான் வரலன்னு."

"அவர் யார்கிட்டயும் சொல்லலயேம்மா" என்றேன்.

"என்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. சாரி சாரின்னு மட்டும் சொல்லிட்டே தூக்கிட்டு ஓடினாரு."

அவள் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டுகளை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.