கலப்பையை இறக்காத டிரைவர்

சம்மாந்துறையில் வேளாண்மை செய்கிறேன். வன இலாகா எல்லைக்கல் போட்டு அடைத்த காணிகளுக்குள் என் வாப்பாவின் வயலும் அகப்பட்டுக் கிடக்கிறது.

எங்கள் எம்.பி. மாதாமாதம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார். புதுச் சட்டம், வாய்க்கால் வேலை, ஊரில் யாராவது மௌத்தானால் அந்த மரணச் செய்தி எல்லாம் அதில் வரும். சென்ற மாதம், "காணிகளை விடுவிக்கிற சட்டமூலம்" என்று அவர் தொடங்கியதுமே வீட்டில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டோம். மீதியை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையே உழவு மெஷினோடு வயலுக்குப் போனேன். எல்லைக்கல்லைக் கண்டதும் டிரைவர் நிறுத்திவிட்டார்.

"சட்டம் பாஸாகி கெசட்டுல வந்திட்டா காக்கா?"

"எம்.பி.யே சொல்லிட்டாரே!"

"கடைசி வரைக்கும் கேட்டீங்களா? இப்படி ஒராள்ட கதைய நம்பி இறங்கித்தான் என்ட மெஷின வன இலாகா புடிச்சி, மாசக்கணக்கா கோர்ட்டுல கிடந்த."

எனக்குக் கோபம் வந்தது. கைபேசியை எடுத்து அங்கேயே போட்டுக் காட்டினேன். "பாராளுமன்றத்தில் சமர்ப்பித்திருக்கிறோம். நிறைவேறும்வரை யாரும் காணிக்குள் இறங்க வேண்டாம்" என்று பதிவு முடிந்தது. டிரைவர் மெஷினைத் திருப்பினார்.

இப்போது பதிவைக் கடைசிவரை கேட்கிறேன். வயலைப் பற்றி யார் விசாரித்தாலும் இன்ஷா அல்லாஹ், இறைவன் நாடினால் கிடைக்கும் என்றுதான் சொல்கிறேன். அல்ஹம்துலில்லாஹ் சொல்வது கெசட் கைக்கு வந்த பிறகுதான்.