நாற்காலிக்கு அடியில் ஒரு சப்வூஃபர்

எங்கள் ஊர் லிஃப்ட் மெக்கானிக் தன் பழைய சப்வூஃபரின், அதாவது தாளத்தை அதிரவைக்கும் ஸ்பீக்கர் பெட்டியின், ஆம்ப்ளிஃபயரைப் புதுப்பித்த அன்று ஏழு தெரு ஜன்னல்கள் ஆடின. சரி, ஏழு என்பது என் கைச்சரக்கு. அவர் வீட்டு ஜன்னல் ஆடியது நிஜம்.

மனைவிக்குக் காது மந்தமாகிவிட்டது. பாட்டில்லாமல் அவள் முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியவில்லை. உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டுப் பெரியதாகப் போட்டார். பெட்டியை அவளுடைய மர நாற்காலிக்கு அடியில் திருகினார். அவளுக்கு எட்டுமா என்று அறிய, தன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முதலில் தானே உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு அவளை உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார். அவள் உதடுகள் அசைந்தன.

“என் மெஷின்ல இவளுக்குப் பாட்டு கேட்டுடுச்சு!” என்று இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவார்.

அவர் மார்தட்டுவதைப் பார்த்தாலே மனைவிக்கு விஷயம் புரிந்துவிடும்.

“பாட்டு எங்கேங்க கேட்டுச்சு? தாளம்தான் முதுகுல ஏறுச்சு. பாடினது நான்.”