பழுதில்லாத கியர்பாக்ஸ்

எங்கள் தீவில் சிப்பிகாட் என்ற ஊரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். சென்ற மழைக்காலத்தில் பள்ளி ஆசிரியை ஒருவர் காரோடு வந்தார். சாலையில் குறுக்கே வந்த எருமை மேல் மோதியிருந்தார்.

"ஏத்தத்துல மூணாவது கியர் தானா கழண்டுக்குது அண்ணே. நேர் ரோட்டுல டீக்காதான் ஓடுது, ஒரு குறையுமில்ல," என்றார்.

"கியர்பாக்ஸ் போயிருச்சு டீச்சர். மெயின்லேண்டுல இருந்து புதுசு கப்பல்லதான் வரணும். ஒரு மாசமாகும்."

அவர் முகம் வாடியது. "அதுவரைக்கும் எங்க வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு எப்படிக் கூட்டிப் போவேன்?"

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தேன். ஒரு பல்கூட உடைந்திருக்கவில்லை. பிறகுதான் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டைப் பார்த்தேன். மோதலில் அது கிழிந்துபோயிருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் அசைந்து கியரைப் பிடுங்கியிருக்கிறது. ஏற்றத்தில் மட்டும்தான் கழல்கிறது என்று அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் முதலிலேயே புரிந்திருக்கும்.

கியர்பாக்ஸை நானே சரிசெய்துவிட்டதாகச் சொன்னால் அவர் நம்பியிருப்பார். எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். போனை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

"டீச்சர், கியர்பாக்ஸ்ல ஒண்ணுமில்ல. நல்லா இருந்ததை நான்தான் அவசரப்பட்டுப் பிரிச்சுட்டேன். மவுண்ட்தான் போயிருக்கு. அது இங்கயே கிடைக்கும்."

"நீங்களே சேர்த்துக் குடுங்க அண்ணே. வேற ஒர்க்‌ஷாப்புக்கு நான் போகல," என்றார்.

இரண்டே நாளில் வண்டியைக் கொடுத்தேன். தவறை ஒப்புக்கொண்டால் தொழில் போய்விடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். சாவியை அவர் கையில் வைத்தபோது, "தைரியமா ஓட்டுங்க டீச்சர்," என்றேன். அத்தனை உறுதியோடு நான் யாரிடமும் சொன்னதில்லை.