மயிலுக்கு வைத்த நெல்

இன்னாசியம்மாள் என்ற பெயரை ஜாஸ்பின் முதன்முதலில் கேட்டது தன் கல்யாணப் பேச்சின்போது. "மாப்பிள்ளை லூர்துநாதனுக்கு ஆத்தா இல்ல, மாமியா தொல்லையும் கெடையாது," என்றார் தரகர். "மாமியா இல்லாட்டி என்ன, அக்கா இன்னாசியம்மா இருக்குல்ல! ஒம்பது மாமியாளுக்குச் சமம்," என்று சித்தி ஒருத்தி சிரித்தாள்.

சித்தி சொன்னது பொய்யில்லை. புருஷன் செத்ததும் கைப்பிள்ளையோடு ஆவூருக்குத் திரும்பி, தாயில்லாத தம்பியையும் தூக்கி வளர்த்தவள் இன்னாசியம்மாள். கடலைக் கொல்லையில் அவளுக்குத் தெரியாமல் எறும்புகூட வரப்பைத் தாண்டாது.

ஜாஸ்பின் கல்யாணமாகி வந்த வருஷம், விதைத்த கடலையையெல்லாம் மயில் கிளறித் தின்றது. "முட்டையத் திங்கிற நரிய அடிச்சுத் தொலைச்சீங்க. சுத்தியும் கருவைமுள்ளு மண்டிப் போச்சு. மயிலு பெருகாம என்ன செய்யும்?" என்பாள் இன்னாசியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்பினின் அண்ணன் அலெக்ஸ் பெண்டு பிள்ளைகளோடு விருந்துக்கு வந்தான். காலையிலிருந்து ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. சீக்குக் கோழி சாவதற்குள் குழம்பாகிவிட வேண்டும், அதுதான் வழக்கம். ஜாஸ்பினும் அறுத்துவிட்டாள்.

இலையில் சோறு வைத்து, குழம்பில் அகப்பையை விட்ட நேரம், கொல்லையிலிருந்து இன்னாசியம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"யாரும் கை வைக்காதீங்க!"

"என்ன மதினி?"

"வரப்புல மைனா செத்துக் கெடக்கு. அதைத் தின்ன நம்ம நாயி நொரை தள்ளிக் கெடக்கு. அந்தக் கோழி எங்கிட்டு மேஞ்சுச்சு?"

"கொல்லையிலதான்..." ஜாஸ்பின் அகப்பையைக் கீழே வைத்தாள்.

லூர்துநாதன் மட்டும் சிரித்தான். "அது கோழிக்கு வர்ற வெள்ளைக் கழிச்சல் சீக்குக்கா. விருந்தாளி முன்னாடி மானத்த வாங்காத."

"அப்பச் சரி." குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தாள். "தின்னு தம்பி. நீ தின்னா எல்லாரும் திம்பாக."

"அத்தே, எனக்குக் கால்துண்டு," என்றாள் அலெக்ஸின் மகள். ஜாஸ்பின் அவள் இலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண் மட்டும் புருஷன் கைமேலேயே இருந்தது. அந்தக் கை சோற்றைப் பிசைந்தது, பிசைந்துகொண்டே இருந்தது. துண்டின் பக்கம் போகவில்லை.

"மயிலுக்குத்தான் வச்சேன்," என்றான் கடைசியில். "நெல்லுல மருந்து கலந்து. கோழி அங்கிட்டு வரும்னு நெனைக்கல."

"மயிலுக்குன்னு பேரெழுதியா வச்ச? நெல்ல மைனா திங்கும், மைனாவ நாயி திங்கும், கோழிய நாம திங்கிறோம்!"

அலெக்ஸ் எழுந்து கை கழுவினான். ஜாஸ்பின் சட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுக்கு நடந்தாள்.

"அங்க கொட்டாதடி! காக்கா கொத்தும், காக்கா செத்தா அத வேற ஒண்ணு இழுத்துட்டுப் போகும். குழி தோண்டு."

தோண்டிப் புதைத்தார்கள். சிதறிய நெல்லை லூர்துநாதன் மண்ணோடு அள்ளினான். அக்கா பக்கத்திலேயே நின்றாள். விருந்துக்கு வந்தவர்கள் பசியோடு பஸ் ஏறினார்கள்.

உயிர் தப்பியதை லூர்துநாதன் நினைக்கவில்லை. மச்சான் முன்னால் தலை குனிந்ததைத்தான் நினைத்தான். "இனிமே ஒன் மக வீட்டுல போயி நாட்டாமை பண்ணு," என்று சொல்லிவிட்டான். ஜாஸ்பின் கையைப் பிடித்துத் தடுத்தும் இன்னாசியம்மாள் நிற்கவில்லை.

இப்போது அவள் கீரனூரில் மகள் வீட்டில் இருக்கிறாள்.